அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடிக்கலாமா?

சென்னை வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விட்டீர்கள், குடியிருந்தவர் காலி செய்கிறார், அவருடைய 45,000 ரூபாய் அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டால் வேண்டாம் சார். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. உடைந்த சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, குழாய் வாஷர் எல்லாம் குடியிருந்தவர் கணக்கு. வாடகை பாக்கி இருந்தால் அதையும் கழிக்கலாம். சரி, மீதியை? காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஆள் வரட்டும் என்று இழுக்க முடியாது. சாவி வாங்கும் அன்றே இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் அடுத்த வீட்டுக்கு முன்பணம் பேசியிருப்பார்.