பர்லாங்கும் படியளப்பவரும்

வாசகர் கேள்வி – பதில்

அம்பாசமுத்திரம் வாசகர்: ஐயா, எண்பது வயதைக் கடந்த என் தந்தையார் இன்றும் தூரத்தைப் பர்லாங்கில்தான் சொல்கிறார். ‘பாலம் தாண்டி ரெண்டு பர்லாங்கு’ என்றால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஏதேனும் பொருள் உண்டா?

பதில்: உண்டு. அவர் ஏர் பிடித்தவராக இருந்தால், சிரிக்கும் பிள்ளைகளைவிட அவருக்கே அது எளிதில் விளங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘ஃபுர்ஹ்’ என்றால் உழவுசால், ‘லாங்’ என்றால் நீளம். ‘ஃபுர்லாங்’ என்பது ஒரு சாலின் நீளம், அவ்வளவுதான். கனத்த ஏரில் பல மாடுகளைப் பூட்டி இறுகிய மண்ணை உழுத அந்த நாட்டில் மாடுகளைத் திருப்புவதே பெரும்பாடாக இருந்தது. ஆகவே நிலத்தை ஒடுங்கி நீண்ட பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, மாடு இளைப்பாறும் இடம் வரையில் ஒரே ஓட்டமாகச் சால் ஓட்டினார்கள். அந்த நீளம் பிற்காலத்தில் 220 கெஜம், அதாவது 660 அடி என்று வரையறுக்கப்பட்டது. எட்டுப் பர்லாங்கு ஒரு மைல் என்ற கணக்கு அதன் பிறகு வந்தது.

ஏக்கர் என்ற சொல்லும் இதே வயலில் முளைத்ததுதான். முதலில் அது வெறுமனே வயலைக் குறித்தது. பின்னர், பூட்டிய மாடுகள் ஒரு நாளில் உழுது முடிக்கும் பரப்பைக் குறித்தது. ஒரு பர்லாங்கு நீளமும் 22 கெஜம் அகலமும் கொண்ட பட்டையே ஓர் ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் 4,840 சதுர கெஜம், அதாவது 43,560 சதுர அடி வரும். மனை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒப்பிக்கிற ‘ஒரு சென்ட் 435.6 சதுர அடி’ என்ற விசித்திரமான தசமக் கணக்கு, அதை நூறால் வகுக்கும்போது கிடைப்பது. அந்த 22 கெஜ அகலத்தைப் பிள்ளைகளும் நன்றாக அறிவார்கள். கிரிக்கெட் ஆடுகளத்தில் இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடையே உள்ள தூரம் அதுதான். இனி அவர்கள் சிரித்தால், ஓர் ஏக்கரின் குறுக்கேதான் அவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தந்தையாரைச் சொல்லச் சொல்லுங்கள்.

நம் தாமிரபரணிப் பாசனத்து நன்செய்களில் இப்படியோர் அளவு பிறந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே 660 அடிக்குச் சால் ஓட்ட வேண்டுமானால் எத்தனையோ வரப்புகளை வெட்டித் தள்ள வேண்டும். ஆகவேதான் நம் பெரியவர்கள் மாட்டின் மூச்சைக் கொண்டு அளக்காமல் விதையைக் கொண்டு அளந்து, ‘கோட்டை விதைப்பாடு’, ‘மரக்கால் விதைப்பாடு’ என்றார்கள். 1956இல் சட்டம் இயற்றி நாம் மெட்ரிக் முறைக்கு மாறியதில் பர்லாங்கு ஏட்டைவிட்டுப் போயிற்று. ஏக்கரும் சென்டும் மட்டும் பேச்சைவிட்டு இன்னும் போகவில்லை.

திருநெல்வேலி வாசகர் (வழக்கறிஞர்): உயர் நீதிமன்றத்தில் ‘மை லார்டு’ என்று விளிக்கிறோம். லார்டு என்ற சொல் அரச பதவியிலிருந்து வந்ததா?

பதில்: அடுக்களையிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, இன்றைய ‘லோஃப்’. ‘வெயர்ட்’ என்றால் காவலர்; விடுதி வார்டனும் இந்தச் சொல்லுக்கு உறவு. ஹ்லாஃப்வெயர்ட் என்ற ‘ரொட்டிக் காவலர்’ நாளடைவில் ஹ்லாஃபோர்ட் என்று தேய்ந்து, இடையிலிருந்த ஃப ஒலியும் உதிர்ந்து லார்டு ஆனார். ‘லேடி’ அந்த ரொட்டிக்கு மாவு பிசைபவர். இருவருடைய சோற்றையும் உண்டு வேலை செய்த ஆளுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்றே பெயர் இருந்தது. கென்ட் நாட்டு அரசர் ஏதல்பர்ட்டின் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கக்காலச் சட்டத்தில் அந்தச் சொல் வருகிறது. நமக்கு இதை விளக்க அகராதி வேண்டியதில்லை. ‘எனக்குப் படியளக்கிற முதலாளி’ என்று நெல் கூலி வாங்கிய காலத்தில் சொன்னார்களே, அதே எண்ணந்தான். அங்கே ரொட்டி, இங்கே படி நெல். நீங்கள் அடுத்த முறை மதுரைக் கிளையில் ‘மை லார்டு’ என்று தொடங்கும்போது இது நினைவுக்கு வந்து சிரிப்பு மூட்டினால் நான் பொறுப்பல்ல.

பாளையங்கோட்டை வாசகி: என் ஆச்சி வைத்திருந்த பழைய ஆங்கில ஜெபப் புத்தகத்தில் இரண்டு இடங்கள் எனக்குப் புரியவில்லை. ஆண்டவரே, எங்கள் செய்கைகளிலெல்லாம் எங்களை ‘பிரிவென்ட்’ செய்யும் என்று ஒரு ஜெபம் வேண்டுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘குவிக்’கையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: இரண்டும் பிழையல்ல. ஆச்சியின் புத்தகம் இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலின் வழிவந்ததாக இருக்கும். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மொழியியலார் ‘பழைய ஆங்கிலம்’ என்று சொல்வது ஏறக்குறைய 1100க்கு முற்பட்ட மொழியை. ஜெப நூலின் மொழி அதற்கு மிகவும் பிந்தியது.

‘பிரிவென்ட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் நேர்ப்பொருள் ‘முன்னே வருதல்’. எங்கள் காரியங்கள் எல்லாவற்றிலும் உம் கிருபை எங்களுக்கு முன்னே செல்லட்டும் என்பதே அந்த ஜெபத்தின் கருத்து. ஒருவருக்கு முன்னே போய் நிற்பவர் வழிகாட்டவும் செய்யலாம், வழியை மறிக்கவும் செய்யலாம்; உலக வழக்கில் மறிப்பது மட்டும் நிலைத்து, முன் செல்வது மறைந்துபோயிற்று. சுந்தரரைத் திருமணப் பந்தலிலேயே தடுத்தாட்கொண்ட கதை தெரிந்த நமக்குக் கடவுளிடம் ‘எங்களைத் தடும்’ என்று வேண்டுவதும் விபரீதமாகப் படாது. ஆனாலும் இந்த ஜெபத்தின் பொருள் அதுவன்று.

‘குவிக்’ அசல் பழைய ஆங்கிலச் சொல். அதற்கு விரைவு என்ற பொருள் பிற்பாடு ஏறியது. முதற்பொருள் உயிருள்ளது என்பதே. ஆகவே உங்கள் விசுவாசப் பிரமாணம் சொல்வது உயிருள்ளோரையும் மரித்தோரையும். நகம் வெட்டும்போது கத்தி ஆழப் பட்டு ‘சுரீர்’ என்று இரத்தம் துளிர்க்கும் நகக்கண்ணுக்கு ஆங்கிலத்தில் இன்றும் குவிக் என்றுதான் பெயர், உயிர்த்தசை என்ற பொருளில். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவுடன் அது சீறி, விரிசல்விட்டு, ஆவி பறக்கக் கொதிக்கும். நீற்றாத அந்தச் சுண்ணாம்பு ஆங்கிலத்தில் ‘குவிக்லைம்’, உயிருள்ள சுண்ணாம்பு. ஓடி ஓடிப் பிரியும் பாதரசம் ‘குவிக்சில்வர்’, உயிருள்ள வெள்ளி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவிக், லத்தீனின் ‘வீவுஸ்’, வடமொழியின் ‘ஜீவ’ ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள். ஓசையில் ஒன்றுக்கொன்று கொஞ்சமும் ஒட்டவில்லை; ஆனாலும் உறவு உறுதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு திசையன்விளை வாசகரின் கேள்விக்கு வரும் வரை பொறுத்திருங்கள்.

வள்ளியூர் வாசகர்: ‘ஃபோர்ட்நைட்’ என்றால் பதினைந்து நாளா, பதினான்கு நாளா?

பதில்: பதினான்கு. ‘பதினான்கு இரவு’ என்ற தொடர் சுருங்கியது அது. ஆங்கிலேயரின் முன்னோரான ஜெர்மானிய இனத்து மக்கள் நாளைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணினார்கள்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: ‘விண்டோ’ என்ற சொல்லுக்குள் ‘வின்ட்’ இருப்பதுபோலத் தெரிகிறது. சன்னலுக்கும் காற்றுக்கும் சொல்லளவில் உறவு உண்டா?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் மொழியில் அது ‘விந்தௌக’, காற்றின் கண். அதற்கு முன் ஆங்கிலேயர் சன்னலைக் ‘கண் துளை’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அந்தச் சொல் மறைந்துபோனாலும், துளை என்ற அதன் பின்பாதி மட்டும் மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் இருந்தது ‘காலதர்’. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளின் சன்னல்களை ‘மான்கண் காலதர்’ என்கிறது. காற்றும் கண்ணும் அங்கே ஒரே தொடரில் சேர்ந்து நிற்கின்றன. ‘பலகணி’ என்பதும் பல கண்களை உடையது என்றே பொருள்படும். வைக்கிங்குகளிடமிருந்து நாமோ, நம்மிடமிருந்து அவர்களோ கற்றதில்லை. சுவரில் துளையிட்டால் உள்ளே வருவது காற்று, வெளியே போவது பார்வை என்பதை இரு சாராரும் தனித்தனியே கண்டார்கள். இத்தனை நல்ல சொற்களை வைத்திருந்த நாம் கடைசியில் ஏற்றுக்கொண்ட ‘ஜன்னல்’, போர்த்துகீசியர் தந்தது. பதினாறாம் நூற்றாண்டில் புன்னைக்காயல் முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் இருந்தவர்கள் அவர்கள். மேஜையும் அலமாரியும் சாவியும் அவர்களுடைய சொற்களே. ஜன்னலின் லத்தீன் மூலத்தைத் தோண்டினால் ‘சிறு கதவு’ என்றுதான் வருகிறது. காற்றும் இல்லை, கண்ணும் இல்லை.

திசையன்விளை வாசகர்: எங்கள் பள்ளி விழாவில் பேசிய ஒருவர், ‘ஒன்று – ஒன், எட்டு – எய்ட், ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?’ என்றார். கைத்தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தங்கள் கருத்து?

பதில்: நான் கை தட்டியிருக்க மாட்டேன். இரு சொற்கள் உண்மையிலேயே உறவானவை என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். இங்கே நேர்மாறாக விலகிப் போகின்றன. ‘ஒன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’. தொடக்கத்தில் இப்போது கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் சேர்ந்தது. ‘ஒன்லி’, ‘அலோன்’ ஆகிய சொற்களில் அந்த ஒலி இன்னும் ஏறாமலே இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் ஒன்று, ஒரு, ஓர், கன்னடத்தில் ஒந்து, ஆன் என்ற ஓசை எங்கும் தலைகாட்டவில்லை. ‘எய்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்த’, ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’. ஆங்கிலேயர் நடுவிலிருந்த மெய்யொலியை விழுங்கியதனால்தான் அது நம் காதில் எட்டு போல ஒலிக்கிறது.

உங்கள் பக்கத்து ஊரான இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எடுத்துக்காட்டியிருந்தார். இரண்டு சொல் ஒத்திருப்பதை வைத்து அவர்கள் முடிவு கட்டவில்லை. வேர்களையும் விகுதிகளையும் வரிசை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். குவிக்கும் ஜீவனும் ஒத்தொலிக்காத உறவினர். எட்டும் எய்ட்டும் ஒத்தொலிக்கிற அந்நியர். நம் எட்டின் வேர் ‘எண்’. அதோடு ‘து’ சேர்ந்து ணகரம் டகரமாகியிருக்கிறது. கன்னடத்தார் ‘எண்டு’ என்றும் தெலுங்கர் ‘எனிமிதி’ என்றும் அந்த மூக்கொலியை விடாமல் வைத்திருக்கிறார்கள். நாமும் முழுக்க விட்டுவிடவில்லை. எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.