போடாமல் தப்பிய ஊசி: இன்சார்ஜிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டியில், நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பாட்டிலிலிருந்து 10 யூனிட் எடுத்தேன். போடுவதற்கு முன்னால் லேபிளை மறுபடி பார்த்தேன். அது ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் பாட்டில். என் கையில் இருந்தது மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கான சிரிஞ்ச். கொட்டிவிட்டு வேறு சிரிஞ்சில் சரியாக எடுத்துப் போட்டேன். யாருக்கும் தெரியாது. சொன்னால் மெமோ வருமோ என்று பயம். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள் தங்கச்சி. முதலில் ஒன்று: கை ஊசியைப் பிடித்த பிறகும் கண் லேபிளுக்குத் திரும்பியதே, அது நல்ல நர்ஸின் பழக்கம்.

கணக்கைப் பாருங்கள். 40 சிரிஞ்சில் 10 கோடு என்றால் கால் மில்லி. 100 பாட்டிலில் அந்தக் கால் மில்லிக்குள் 25 யூனிட் இருக்கிறது. இரவு சரியாகச் சாப்பிடாத ஒரு வயதானவருக்கு அது போயிருந்தால், விடிவதற்குள் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, நினைவே தப்பியிருக்கலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மகள் அம்மா தூங்குகிறார் என்றுதான் நினைத்திருப்பார்.

40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரவு இரண்டு மணிக்கு, மங்கலான வெளிச்சத்தில், ஒரே டிரேயில் இரண்டும் கலந்து கிடந்தால் எந்தக் கண்ணும் ஏமாறும். அதனால்தான் சொல்லச் சொல்கிறேன். நீங்கள் தப்பித்துவிட்டீர்கள்; அந்த டிரே அப்படியேதான் இருக்கிறது. நாளை அதே டிரேயில் கை வைக்கப்போவது போன மாதம் சேர்ந்த பெண்ணாக இருக்கலாம்.

நானும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். வார்டில் இரண்டு முத்துலட்சுமி, ஒருவர் உசிலம்பட்டி, இன்னொருவர் மேலூர். "முத்துலட்சுமிதானேம்மா?" என்று கேட்டேன், "ஆமா தாயி" என்றார். மருந்தை ஏற்றப்போகும் நேரத்தில்தான் கேஸ் ஷீட்டில் ஊர் வேறு என்று கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அதே இரண்டு பேரிடம் இன்னொரு சிஸ்டர் மாட்டிக்கொண்டார், மாத்திரை உள்ளே போய்விட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த சிஸ்டர் அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் மரியாதைக்காகவே எதற்கும் ஆமா சொல்வார்கள். பேரை நாம் சொல்லக் கூடாது; "உங்க பேர் என்னம்மா?" என்று அவர்களைச் சொல்லவைத்து, கையிலுள்ள பட்டையில் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

சரி, மெமோ. வராது என்று உறுதி சொல்ல மாட்டேன். சில இடங்களில் இன்னும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அது தவறு. மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் உள்ள மருத்துவமனை என்றால், இப்படி நூலிழையில் தப்பியதையும் பதிவு செய்ய ஏற்பாடு இருக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கேளுங்கள். "கவனக்குறைவாக இருந்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள், அதைப் படித்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எத்தனை மணி, எந்த டிரே, இரண்டு சிரிஞ்சும் எப்படிக் கலந்திருந்தன, அன்று எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் டூட்டி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். இதைப் படிக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்தால், அடுத்தது உங்கள் காதுக்கே வராது.

அப்புறம், ஒருவேளை ஊசி போய்விட்டிருந்தால் காலை வரை காத்திருக்கவே கூடாது. உடனே டூட்டி டாக்டருக்குச் சொல்லி, சர்க்கரை பார்த்து, விடாமல் கண்காணிக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிவப்பு மூடிக்கு ஒரு டப்பா, ஆரஞ்சுக்கு ஒரு டப்பா, வெளியே பெரிதாக 40, 100 என்று எழுதுங்கள். வீட்டிலிருந்து இன்சுலின் வந்தால், அவர்கள் வீட்டில் போடும் சிரிஞ்சையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்த்தபிறகு உள்ளே வையுங்கள்.