சின்ன தையல் மிஷின் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: இடத்தை அடைக்காத, விலை குறைந்த, தூக்கி வைத்துவிடக்கூடிய தையல் மிஷின். "மினி", "போர்ட்டபிள்" என்ற பெயர்களில் மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்து அழுத்துவது ஒன்று. மேஜையில் வைக்கிற, ஒரு கிலோ அளவே இருக்கும் பிளாஸ்டிக் மிஷின் இரண்டாவது. ஐந்து முதல் ஏழு கிலோ வரை எடையுள்ள, கைப்பிடி வைத்த முழு மிஷின் மூன்றாவது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: கையில் பிடித்துத் தைக்கும் மிஷின் மிக மலிவாகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். அது ஒரே நூலில் சங்கிலித் தையல் போடுகிறது. ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசி வளையத்தை முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டு நூல் முனையை இழுத்தால், தைத்தது எல்லாம் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். சாக்குப் பையின் வாயை அப்படித்தான் தைக்கிறார்கள், சுலபமாகப் பிரிக்க வேண்டும் என்பதற்காகவே. உடுத்தும் துணிக்கு அது சரிவராது. அவசரத்துக்கு ஓர் ஊசியும் நூலும் போதும். கையால் போடும் கெட்டித் தையல் அந்த மிஷின் தையலைவிடப் பல மடங்கு உறுதியானது.

கேள்வி: பேட்டரியிலும் அடாப்டரிலும் ஓடும் குட்டி மேஜை மிஷின் எப்படி? திரைச்சீலை ஓரம் அடிப்பது, தலையணை உறை தைப்பது, இவ்வளவுதான் என் தேவை.

இவற்றில் பெரும்பாலானவை மேல் நூல், பாபின் நூல் (அடியில் சிறு உருளையில் சுற்றி வைக்கும் நூல்) இரண்டையும் கோத்துப் பூட்டுத் தையல் போடுகின்றன. அந்த அளவில் இது நிஜ மிஷின்தான். ஆனால் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 6 வோல்ட், 1.2 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் வருவது 7 வாட் சொச்சம். சாதாரண வீட்டு மிஷினின் மோட்டார் 70 வாட்டுக்கு மேல் இருக்கும். பத்தில் ஒரு பங்கு பலத்தோடு ஓடும் மிஷினிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

மெல்லிய பருத்தித் துணி இரண்டு அடுக்கு என்றால் தைக்கும். திரைச்சீலையின் மூலையில் மடிப்பு மேல் மடிப்பு வரும் இடத்தில் முனகிக்கொண்டு நின்றுவிடும். பல மாடல்களில் தையல் நீளத்தை மாற்ற முடியாது. பின்னோக்கித் தைக்கும் லீவரும் இருக்காது. தையலை முடிக்கும்போது துணியைத் திருப்பி நாலு தையல் மேலேயே ஓட்டுங்கள், அல்லது மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து இரண்டு நூலையும் முடிச்சுப் போடுங்கள்.

உங்கள் தேவை நிஜமாகவே தலையணை உறையோடு நின்றுவிடும் என்றால் வாங்கலாம். ஆனால் என்னிடம் தையல் கற்க வருகிறவர்களில் பலர் இந்தக் குட்டி மிஷினோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிவிட்டு, "எனக்குத் தையல் வராது" என்று முடிவு கட்டியே வருகிறார்கள். நல்ல மிஷினில் உட்காரவைத்தால் ஒரே மணி நேரத்தில் நேர்க்கோட்டில் தைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் சேரும்வரை காத்திருந்து மூன்றாவது வகையை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: ஒரு மிஷினில் 12 வகைத் தையல், இன்னொன்றில் 32 வகை. விலை ஏறக்குறைய ஒன்றுதான். 32 உள்ளதையே வாங்கலாம் அல்லவா?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நேர்த் தையல், ஜிக்ஜாக், காஜா, இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் வீட்டுத் தேவையில் முக்கால்வாசி முடிந்தது. மீதி எல்லாம் பூவும் அலையும். முதல் வாரம் போட்டுப் பார்ப்போம், அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம்.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. தையல் நீளத்தை உங்கள் விருப்பப்படி மாற்ற முடிகிறதா? சாதாரணத் தையலுக்கு 2.5 மி.மீ., பிரிப்பதற்காகப் போடும் தற்காலிகத் தையலுக்கு 4 மி.மீ. வேண்டும். மேல் நூல் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, திருகி மாற்ற முடிகிறதா? உள்சட்டம் உலோகமா? கை மாதிரி நீண்டிருக்கும் பகுதியின் பெட்டியைக் கழற்றினால் சட்டைக் கை உள்ளே நுழைகிறதா? வீட்டு மிஷின்களுக்கான பொது ஊசி, ஒரு பக்கம் தட்டையான தலை உள்ளது, அதில் பொருந்துகிறதா? அந்த ஊசியும் பாபினும் எங்கும் கிடைக்க வேண்டும். தனக்கென்று தனி பாபின் கேட்கும் மலிவு மிஷின், அந்த பாபின் கிடைக்காமல் போகிற நாளில் வெறும் பெட்டி.

கேள்வி: ஜீன்ஸ் ஓரம் அடிக்கச் சின்ன மிஷினால் முடியுமா?

குட்டி மிஷினால் முடியாது. முழு அளவு மிஷினால் முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கஷ்டம் வருவது பக்கத் தையல் குறுக்கிடும் இடத்தில் மட்டும்தான். அங்கே ஏற்கெனவே நான்கு அடுக்கு துணி இருக்கிறது. ஓரத்தை இரண்டு முறை மடித்தால் அது பன்னிரண்டு அடுக்காகிவிடும். தைக்கும் முன் அந்த இடத்தைச் சுத்தியலால் நன்றாகத் தட்டித் தட்டையாக்குங்கள். 100/16 என்ற எண்ணுள்ள தடித்த ஊசி போடுங்கள். மேட்டின் மேல் ஏறும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் இறங்கிவிடும், துணி நகராது. அந்த நேரம் பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகிச் சமமாக்குங்கள். மேட்டைத் தாண்டும்வரை பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி உடைவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

கேள்வி: புது மிஷின். தைத்தால் துணியின் அடிப்பக்கம் நூல் கூடு மாதிரி சுருண்டு சிக்கிக்கொள்கிறது. பாபினைப் பத்து முறை மாற்றிப் போட்டுவிட்டேன். மிஷின் பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பாபினைத் தொடாதீர்கள். அடியில் சிக்கினால் காரணம் மேலே இருக்கிறது. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போகவில்லை, அவ்வளவுதான். பாதம் இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் உள்ளே நுழையாமல் மேலாகவே ஓடிவிடும். பாதத்தைத் தூக்கிவிட்டு, நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோத்துவிடுங்கள். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

அப்புறம், டென்ஷன் சரியா என்று பார்க்க மேலே ஒரு நிற நூலும் பாபினில் வேறு நிற நூலும் போட்டுத் தைத்துப் பாருங்கள். மேல்பக்கம் பாபின் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம். அடிப்பக்கம் மேல் நூலின் நிறம் தெரிந்தால் தளர்வு. இரண்டு நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டி-ஷர்ட் துணி தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது.

ஊசியை மாற்றுங்கள். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி, 75/11 அல்லது 80/12, வேண்டும். கூர் ஊசி இழையைக் குத்தி அறுக்கும், உருண்ட முனை இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். தையலை மிகக் குறுகிய ஜிக்ஜாக்கில் வைத்தால் துணி இழுபடும்போது நூல் அறுந்துபோகாது.

கேள்வி: அதே விலையில் பழைய இரும்பு மிஷின் ஒன்று கிடைக்கிறது. புதிதா, பழையதா?

நல்ல பழைய மிஷின் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பழையதைச் சொல்வேன். ஆனால் நல்லதா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்! 1933-ல் வெளிவந்த சிங்கர் 221 "ஃபெதர்வெய்ட்" அலுமினிய உடலோடு ஐந்து கிலோ மட்டுமே எடை. நேர்த் தையல் மட்டும்தான் போடும், ஆனாலும் இன்றுவரை பலர் அதைத் தூக்கிக்கொண்டு தையல் வகுப்புக்குப் போகிறார்கள். பழைய மிஷின்களின் உள்பாகங்கள் பெரும்பாலும் உலோகம், பிரித்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் எல்லாப் பழையதும் அப்படி இல்லை. 1970-களை ஒட்டி வந்த பல மாடல்களில் நைலான் பற்சக்கரங்கள் உண்டு. வயதாகி விரிசல் விட்டிருக்கும்.

போகும்போது உங்கள் நூலையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துப் போங்கள். முதலில் சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பழைய எண்ணெய் காய்ந்திருக்கலாம், மிஷின் எண்ணெய் விட்டால் பல நேரம் இளகிவிடும். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தட்டினால் விட்டுவிடுங்கள். துணியைக் கையால் பிடிக்காமல் ஓடவிட்டுப் பாருங்கள், நேராகப் போக வேண்டும். பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வயரில் வெடிப்பு, பெடலை மிதித்ததும் தீய்ந்த வாசனை, இந்த இரண்டில் எது இருந்தாலும் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெய் விடலாமா?

கூடாது. பிசினாகி மிஷினைப் பூட்டிவிடும். தையல் மிஷின் எண்ணெய் மட்டும். புதிய மாடல்கள் சிலவற்றுக்கு எண்ணெயே விடக்கூடாது, கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. குட்டி மிஷின் பாதுகாப்பானது என்று வாங்க நினைக்கிறேன்.

அதிலும் ஊசி ஊசிதான். வேகத்தைக் குறைத்து வைக்கும் பொத்தான் உள்ள முழு மிஷினைப் பாருங்கள், ஊசியைச் சுற்றி விரல் தடுப்பும் பொருத்துங்கள், பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். மறுநாள் கோட்டுக்குப் பதில் வட்டம் வரைந்து கொடுங்கள். தாளில் ஓட்டிய ஊசியைத் துணிக்குப் போடாமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், முனை மழுங்கியிருக்கும்.