பன்றிப் பண்ணையில் ரேப்பிட் கிட்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு பன்றிகளுக்கு நேற்றிலிருந்து கடும் காய்ச்சல். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான ஆன்டிஜென் கிட்டில் (வைரஸின் புரதத்தைத் தேடுவது) ஒரே கோடுதான் விழுந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். ‘சி’ பக்கம் என்றால் கிட் வேலை செய்திருக்கிறது, வைரஸ் சிக்கவில்லை. வைரஸைக் காட்டும் ‘டி’ பக்கம் மட்டும் என்றால் அந்தச் சோதனையே செல்லாது. ‘சி’தான் என்றாலும் நிம்மதிக்கு இடமில்லை. இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் வைரஸின் மேலோட்டில் உள்ள பி72 புரதத்தைத் தேடுகின்றன. பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும். கிட் எதையும் பெருக்குவதில்லை. இரத்தத்தில் வைரஸ் மண்டியிருந்தால்தான் ‘டி’ கோடு தெரியும், காய்ச்சலின் முதல் நாளில் தப்பிவிடலாம். இடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் இரத்தம் எடுத்துப் பிசிஆருக்கு அனுப்புங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அதுவும் உறையாமல் தடுக்கும், ஆனால் பிசிஆரைக் கெடுக்கும். முடிவு வரும்வரை ஒரு பன்றியும் பண்ணையை விட்டு நகரக் கூடாது. ஏதாவது செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள். இரத்தம் சிந்தும் இடமெல்லாம் வைரஸ்தான்.

கேள்வி: நோயை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் கிட் போதாதா?

பதில்: வேகமாகக் கொல்லும் நோய்க்குப் போதாது. ஆன்டிபாடி தென்பட ஒரு வாரமாவது ஆகும், பல பன்றிகள் அதற்குள் செத்துவிடும். பிழைத்தவற்றைக் கண்டுபிடிக்க உதவும்.

கேள்வி: கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு (வேறொரு வைரஸால் வருவது) தடுப்பூசி போட்ட மந்தை. ஆன்டிபாடி பாசிட்டிவ் வருகிறது. நோயா?

பதில்: வழக்கமான உயிர்த் தடுப்பூசி (வலுவிழக்கச் செய்த வைரஸ்) என்றால், ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று ஆன்டிபாடி சோதனை பிரித்துச் சொல்லாது. சீம்பால் குடித்த குட்டியிலும் தாயின் ஆன்டிபாடி இருக்கும். மாட்டுக்கு வயிற்றுப்போக்கு தரும் பிவிடி வைரஸ் தொற்றிய பன்றியும் குழப்பும், அந்த வைரஸும் கிளாசிக்கல் வைரஸும் நெருங்கிய உறவு.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. சினைக்காலத்தில் தாய்க்குத் தொற்றினால், சில குட்டிகள் அந்த வைரஸைத் தன் உடம்பின் பகுதியென்றே எண்ணிப் பிறக்கும். எதிர்ப்பே காட்டாது. ஆன்டிபாடி நெகட்டிவ், வைரஸ் பாசிட்டிவ். மாதக்கணக்கில் பார்வைக்கு நலமாக இருந்துகொண்டே மற்றவற்றுக்குப் பரப்பும்.

கேள்வி: மாதம் ஒருமுறை எல்லாப் பன்றிக்கும் கிட் போட்டால் முன்கூட்டியே பிடித்துவிடலாமே?

பதில்: ஒரு கணக்கு போடுவோம். 1,000 பன்றிகளில் 10-க்கு நோய். கிட் 70 சதவீதம் நோயைப் பிடிக்கும், நலமானவற்றில் 98 சதவீதத்தைச் சரியாக விடும் என்று வையுங்கள். 7 அகப்படும், 3 தப்பும், நலமான 990-இல் ஏறக்குறைய 20 பொய்யாகப் பாசிட்டிவ் ஆகும்.

மறுபடி அவரே: அப்போ கிட்டே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பன்றிக்கும் அன்று செத்ததற்கும் போடுங்கள். அங்கே வைரஸ் நிறைந்திருக்கும், கோடு விழுந்தால் நம்பலாம். உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இன்னொருவர்: ஐந்து பன்றி இரத்தத்தைக் கலந்து ஒரே கிட்டில் போட்டால் மிச்சமாகுமே?

பதில்: ஏற்கெனவே மங்கலாக விழும் கோட்டை ஐந்து மடங்கு நீர்க்க வைப்பீர்கள். மிச்சமாவது கிட் மட்டும்தான்.

முதலாமவர்: பிசிஆருக்குக் கலக்கிறார்களே?

பதில்: அது பெருக்கும் என்று மேலே சொன்னேன். ஆய்வகம் அளவு சோதித்து வைத்துக் கலக்கும். நீங்கள் கொட்டிலில் கலக்காதீர்கள்.

கேள்வி: கிட் நெகட்டிவ். விற்கலாமா?

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மெல்லிய இரண்டாவது கோடு?

பதில்: கிட் தாளில் சொன்ன நேரத்துக்குள் பார்த்ததுதான் கணக்கு. புதிதாய் ஒன்று பிரித்துச் செய்யுங்கள்.

கேள்வி: நெகட்டிவ்தான் ஐயா, இப்போது விற்க...

பதில்: கூடாது.

கேள்வி: மனிதருக்குத் தொற்றுமா?

பதில்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தொற்றாது. பன்றி இன்ஃபுளுவென்சா தொற்றலாம். அது வேறு நோய், வேறு கிட்.

கேள்வி: செத்து மூன்று நாளாகி அழுகிவிட்டது. இனி மாதிரி எடுக்க முடியாதா? நெஞ்சைத் திறந்து பார்க்கட்டுமா?

பதில்: அழுகிய உடலிலும் எலும்பு மஜ்ஜையில் பிசிஆர் செய்யலாம். அதை மருத்துவர் எடுக்கட்டும். நீங்கள் கத்தியைக் கீழே வையுங்கள்.