மூணாவது ரவுண்டுலயே மூச்சு வாங்குது, பீரியட்ஸ்தான் காரணமா டாக்டர்?

கேள்வி: மேடம், எனக்கு 22 வயசு, நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கிராமம். போலீஸ் செலக்‌ஷன் ரிட்டன்ல பாஸ் பண்ணிட்டேன், அடுத்தது பிசிக்கல், 400 மீட்டரை ரெண்டரை நிமிஷத்துல ஓடி முடிக்கணும். தினம் விடியக்காலைல பஸ் புடிச்சி கடலூர் மஞ்சக்குப்பம் கிரவுண்டுக்கு வந்து பிராக்டிஸ் பண்றேன். வீட்டுக்கு தூரமா இருக்கறப்ப ஓடுனா கர்ப்பப்பை இறங்கிடும், நாளைக்கு புள்ள தங்காதுன்னு எங்க ஆயா ஒரே சத்தம். எனக்கு மாசத்துக்கு 7, 8 நாள் போவும், மொத ரெண்டு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு மாத்தணும், அத்தனை நாளும் லீவு போட்டா நான் எப்போ பிராக்டிஸ் பண்றது? இப்பல்லாம் மூணாவது ரவுண்டுலயே மூச்சு வாங்குது, கால் பின்னுது, சாதா நாள்லயும் அப்படித்தான். பிசிக்கல் அன்னைக்கு டேட் வந்துட்டா தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கலாமா? இன்னொண்ணு, சிரிக்காதீங்க, எந்நேரமும் பச்சரிசிய வாயில போட்டு மென்னுகிட்டே இருக்கணும் போல இருக்கு, அது ஏன் மேடம்?

பதில்: சிரிக்கலம்மா. உன் லெட்டர்லயே எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது அந்த கடைசி வரிதான், நீ ஏதோ போற போக்குல எழுதியிருக்க. அதுக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல ஆயா கேஸை முடிச்சிடுவோம்.

ஓடலாம். பீரியட்ஸ் டைம்ல ஓடலாம், குதிக்கலாம், குண்டு எறியலாம், கர்ப்பப்பை எங்கயும் இறங்காது. கர்ப்பப்பைன்றது ஒரு சின்ன கொய்யாப்பழம் சைஸ்தான், அதை சுத்தி தசைநார்கள் இழுத்து கட்டியிருக்கு, கீழ இடுப்புத்தளத் தசைங்க தொட்டில் மாதிரி தாங்கிகிட்டு இருக்கு, மாசத்துல மூணு நாள் மட்டும் அந்த கட்டு லூஸாயிடும்னு ஒண்ணும் கிடையாது. ஆனா ஆயா சொல்றது ஒரேயடியா கட்டுக்கதையும் இல்ல, அதையும் சொல்லிடறேன். அவங்க காலத்துல நாலு அஞ்சு புள்ளைய வீட்லயே பெத்துட்டு, பெத்த ஒடம்பு ஆறறதுக்குள்ள நடவுக்கு போயி, நெல்லு மூட்டைய தூக்கி, அம்பது வயசுக்கு மேல நெஜமாவே அடி இறங்கி வந்தவங்க ஊருக்கு ஊரு இருந்தாங்க, இன்னைக்கும் என் ஓபியில வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க. அதுக்கு காரணம் அடுத்தடுத்து பிரசவம், பாரம் தூக்கறது, தீராத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ன பிறகு தசை தளர்றது, இதுங்கதான். கல்யாணம் ஆவாத 22 வயசு பொண்ணு கிரவுண்டை சுத்தி ஓடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, புள்ள தங்கறதுக்கும் சம்பந்தமில்ல. ஆயா கண்ணால பாத்தது உண்மை, காரணத்த மட்டும் மாத்தி புடிச்சிகிட்டாங்க.

நானும் இதே ஊர்ல படிச்சவதான். பிடி பீரியடு வந்தா நாலஞ்சு பேரு "மிஸ் வயித்து வலி"ன்னு வேப்பமரத்தடியில போய் உக்காந்துடுவோம், அதுல பாதி பேருக்கு நெஜமான வலி, மீதி பேருக்கு பாவாடைல கறை பட்டுடுமோன்ற பயம், ஒருத்தி ரெண்டு பேரு சும்மா வெயிலுக்கு பயந்துகிட்டு. டீச்சரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாங்க ஓடாம போனதுக்கு கர்ப்பப்பை காரணமே இல்ல, துணிதான் காரணம்னு இப்ப யோசிச்சா தெரியுது.

வலிய பத்தி நீ எதுவும் எழுதல, இருந்தாலும் இதை படிக்கிற மத்த பொண்ணுங்களுக்காக சொல்றேன். கர்ப்பப்பை தன்னோட உள்பக்கத்து சவ்வை வெளிய தள்ள புராஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் சுரக்குது, அது கர்ப்பப்பைய பிழியுது, அதான் வலி, அது கொஞ்சம் ஓவரா சுரந்தா கொடலையும் சேத்து பிழியும், அதான் சில பேருக்கு மொத நாள் வயித்தால போறது, குமட்டறது எல்லாம். வாரத்துக்கு மூணு நாளு, ஒவ்வொரு தடவையும் முக்கா மணியிலேர்ந்து ஒரு மணி நேரம், ரெகுலரா எக்சர்சைஸ் பண்றவங்களுக்கு இந்த வலி நல்லாவே கொறையுதுன்னு 2019ல காக்ரேன்னு சொல்ற ஆய்வுத் தொகுப்புல வந்துச்சு, அது யோகாவா இருந்தாலும் சரி, வேர்க்க வேர்க்க பண்றதா இருந்தாலும் சரி. ஆனா இது மாசம் பூரா பண்றவங்களுக்கு, வலி வந்த அன்னைக்கு மட்டும் எழுந்து நாலு ரவுண்டு ஓடுனா போயிடும்னு நெனச்சிக்காதீங்க. வலி புடுங்கி எடுக்குதா, அன்னைக்கு ஓடாத, சில்வர் பீச்சுல காலாற நடந்துட்டு வா போதும். மெஃபனமிக் ஆசிட்ன்ற வலி மாத்திரை போடறதா இருந்தா வலி உச்சத்துக்கு போன பிறகு போடாம ஆரம்பிக்கும்போதே போடணும், சாப்டுட்டுதான் போடணும், அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்னை இருக்கறவங்க டாக்டரை கேக்காம தொடவே கூடாது. வெறும் வயித்துல மாத்திரைய முழுங்கிட்டு தண்ணி கூட குடிக்காம கிரவுண்டுக்கு ஓடறது ரொம்ப தப்பு, அது வயித்தையும் கெடுக்கும் கிட்னிக்கும் நல்லதில்ல.

சிரசாசனம், சர்வாங்காசனம் மாதிரி தலைகீழா நிக்கற ஆசனம் அந்த நாள்ல பண்ணலாமான்னும் நெறைய பேரு கேக்கறாங்க. அதனால கெடுதல்னு நிரூபணம் ஒண்ணும் கிடையாது, அசௌகரியமா இருந்தா விட்டுடுங்க, அவ்ளோதான்.

சரி, இப்ப பச்சரிசிக்கு வர்றேன்.

பச்சரிசி, சாம்பல், சாக்பீஸு, ஐஸு, செவுத்து சுண்ணாம்பு, இதெல்லாம் திங்கணும்னு ஒரு வெறி வருதுன்னா பல நேரம் ஒடம்புல இரும்புச்சத்து இல்லைன்னு அர்த்தம். அதோட 7, 8 நாள் போக்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு, சாதா நாள்லயும் மூச்சு வாங்குது. இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாரு. நீ பீரியட்ஸ் அன்னைக்கு ஓடலாமான்னு கேக்கற, எனக்கு என்னமோ நீ மத்த 22 நாளும் எப்படி ஓடறன்றதுதான் கவலையா இருக்கு.

கணக்கு சொல்றேன் கேளு. சாதாரணமா ஒரு பீரியட்ஸ்ல மொத்தமா 30லேர்ந்து 40 மில்லி ரத்தம்தான் போவும், பாக்கறதுக்கு நெறைய மாதிரி தெரியும் ஆனா அவ்ளோதான், ரெண்டு, ரெண்டரை டேபிள் ஸ்பூன். 80 மில்லிய தாண்டுனா அதிகப்போக்குன்னு சொல்வோம், யாரும் அளந்து பாக்கப் போறதில்ல, அதனால ஏழு நாளுக்கு மேல போறது, ஒரு மணி ரெண்டு மணிக்கே பேடு நனையறது, ராத்திரி எழுந்து மாத்த வேண்டியிருக்கறது, பத்து ரூபா காசை விட பெரிய கட்டி விழறது, இதுங்கள வெச்சி புரிஞ்சிக்கலாம். ஒரு மில்லி ரத்தம் வெளிய போனா கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு கூடவே போவுது. 80 மில்லின்னா மாசத்துக்கு 40 மில்லிகிராம். நாம சாப்புடற சாப்பாட்டுலேர்ந்து ஒடம்பு ஒரு நாளைக்கு இழுத்துக்கறது ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான், அதுல தினப்படி செலவு போக மிச்சம் என்ன இருக்கும் சொல்லு. வருஷக்கணக்கா இப்படி வரவை விட செலவு ஜாஸ்தியா போனா ஹீமோகுளோபின் எறங்கிடும், ரத்தம் ஆக்சிஜன சுமந்துகிட்டு போறது கொறைஞ்சிடும், ரோட்ல நடக்கறப்ப தெரியாது, வேகமா மூணாவது ரவுண்டு ஓடறப்பதான் கால் கேக்கற ஆக்சிஜன் கெடைக்காம பின்னும், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். நீ ஸ்டாமினா இல்லைன்னு நெனச்சிகிட்டு இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்து ஓடியிருப்ப, நான் பெட்டு கட்டறேன்.

உனக்கு மட்டும்னு நெனைக்காத, 2019-21 தேசிய குடும்பநல சர்வேப்படி நம்ம நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

அதனால இந்த வாரமே ரத்தம் குடு. சிபிசி (ஹீமோகுளோபினும் ரத்த அணுக்களும் பாக்கற டெஸ்ட்டு), ஃபெரிட்டின் (ஒடம்புல சேமிப்புல இருக்கற இரும்பு எவ்ளோன்னு பாக்கறது), தைராய்டு, அடி வயித்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், இவ்ளோதான். நீ தினம் ஓடற மஞ்சக்குப்பத்துலயே கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, பிராக்டிஸ் முடிச்சிட்டு அப்படியே நடந்து போலாம், ஸ்கேனுக்கு போறப்ப நெறைய தண்ணி குடிச்சிட்டு யூரின் போவாம போ, இல்லன்னா திரும்பி உக்கார வெச்சிடுவாங்க. ஃபைப்ராய்டுன்ற கர்ப்பப்பை தசைக்கட்டி, தைராய்டு, ஹார்மோன் கோளாறு, ரத்தம் உறையறதுல சின்ன குறை, இதுல ஏதாவது ஒண்ணு அதிகப்போக்குக்கு காரணமா இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம், எதுவா இருந்தாலும் போக்கை கொறைக்க மருந்து இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் போவுதுன்னா, பல்லு புடுங்கறப்ப ரத்தம் நிக்காம போச்சின்னா அதையும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லு.

ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கணும். 11, 10னு இருந்தா மாத்திரை போட்டுகிட்டே மெதுவா பிராக்டிஸ் பண்ணலாம், 8க்கு கீழ இருந்தா ஓட்டத்த நிறுத்திட்டு மொதல்ல ட்ரீட்மெண்ட், இதுல பேரமே கிடையாது. இரும்பு மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா ஒடம்பு நல்லாவே எடுத்துக்குது, வயித்துக்கும் கொஞ்சம் சாதுவா இருக்கும், உன் டாக்டர் எப்படி சொல்றாங்களோ அப்படி போடு. எலுமிச்சம்பழ ஜூஸோட போடு, டீயோட போடாத, முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரமாவது டீ காபி வேணாம். மலம் கருப்பா போனா பயந்துடாத, அது மாத்திரையாலதான். ரெண்டு மூணு வாரத்துல ஏற ஆரம்பிக்கும், ஆனா நார்மல் வந்துடுச்சின்னு உடனே நிறுத்திடக்கூடாது, ஸ்டோரேஜ் ரொம்பணும், இன்னும் மூணு மாசம் போடணும்.

சாப்பாட்டு விஷயத்துல ஒரு பெரிய தப்பு நடக்குது நம்ம ஊர்ல. பீட்ரூட்டு, மாதுளம்பழம், பேரீச்சம்பழம்னு செவப்பா கருப்பா இருக்கறதையெல்லாம் ரத்தம் ஊறும்னு வாங்கி குடுக்கறாங்க, நல்ல பொருள்தான், ஆனா கலருக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்ல, மாதுளையில இருக்கற இரும்பு ரொம்ப கம்மி. ஆட்டு ஈரல், சுவரொட்டின்ற ஆட்டு மண்ணீரல், இதுங்கள்ல இருக்கற இரும்பை ஒடம்பு சட்டுனு இழுத்துக்கும், உங்க ஆயாவுக்கு சுவரொட்டி வாட்டத் தெரியும், இந்த விஷயத்துல அவங்க பேச்ச கேளு. கவிச்சி சாப்புடாதவங்கன்னா கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, பயறு, கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ.

மாத்திரை போட்டு டேட்ட தள்ளறதுக்கு வர்றேன். கோயில் திருவிழா, கல்யாணம், எல்லாத்துக்கும் மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கி போட்டுக்கறாங்க, மிட்டாய் மாதிரி ஆயிடுச்சி. அது ஹார்மோன் மாத்திரை. டேட்டுக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சாதான் வேலை செய்யும், நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல வந்துடும், சில பேருக்கு வயிறு உப்புசம், மார்பு வலி, மூட் அவுட்டுன்னு இருக்கும். கால்ல ரத்தக்கட்டி வந்தவங்க, லிவர் பிரச்னை இருக்கறவங்க போடவே கூடாது. அதனால பிராக்டிஸுக்காக போடாத. பிசிக்கல் நாள் தெரிஞ்சதும் உன் டேட்ட எண்ணி பாரு, மொத ரெண்டு நாள்ல வந்து விழுந்தா மட்டும் குறைஞ்சது பத்து நாள் முன்னாடியே டாக்டர்கிட்ட போ, அவங்க பிரஷர், ஹிஸ்டரி எல்லாம் பாத்துட்டு சொல்லட்டும். போக்கு கண்ட்ரோலுக்கு வந்துட்டா உனக்கு அது தேவைப்படாமலே போலாம்.

பீரியட்ஸோட போட்டிக்கு போறது ஒலகத்துல நீ மொத ஆள் இல்ல. பிரிட்டிஷ் ஓட்டப்பந்தய வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2002ல சிகாகோ மாரத்தான்ல உலக சாதனை பண்ணப்ப அந்த வயித்து வலியோடதான் ஓடுனாங்க. அதே சமயம் நம்ம வெயிட் லிஃப்டிங் வீராங்கனை மீராபாய் சானு 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நாலாவதா வந்துட்டு, அன்னைக்கு எனக்கு மூணாவது நாள், கொஞ்சம் வீக்கா இருந்துச்சின்னு வெளிப்படையா சொன்னாங்க. ரெண்டும் உண்மை. ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி, உன் ஒடம்பு அன்னைக்கு எப்படி ஓடுதுன்னு உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும், அதுக்காகவாவது பிராக்டிஸ்ல ஒருதடவை ரெண்டாவது நாள்ல டைம் வெச்சி ஓடிப் பாரு, ரத்தம் சரியானப்புறம்.

துணி விஷயம் சொல்லாம விடக்கூடாது. நீ விடியக்காலை பஸ்ஸு ஏறி வீட்டுக்கு திரும்ப எப்படியும் எட்டு ஒம்போது ஆயிடும், நம்ம ஊரு புழுக்கத்துல அவ்ளோ நேரம் ஒரே பேடோட ஓடுனா தொடை இடுக்கு உராஞ்சி புண்ணாயிடும், அப்புறம் நடக்கக்கூட முடியாது. றெக்கை வெச்ச பேடு, டைட்டான காட்டன் ஜட்டி, அதுக்கு மேல ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸு, அதுக்கு மேல கருப்பு டிராக் பேண்ட்டு, பேடு நகராது. ஓடறதுக்கு முன்ன தொடையில கொஞ்சம் வாசலின் தடவு. பேடுக்கு பதிலா உள்ள வெச்சிக்கற மென்ஸ்ட்ருவல் கப்பு பழகிட்டா 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும், உன்ன மாதிரி பஸ்ஸுல வந்து ஓடறவளுக்கு அது சௌகரியம், ஆனா போக்கு ஜாஸ்தியா இருக்கற நாள்ல சீக்கிரமே ரொம்பிடும், பிசிக்கல் அன்னைக்குன்னு மொத தடவையா மாட்டிகிட்டு போவாத, ரெண்டு மூணு மாசம் வீட்ல பழகு. வெறும் வயித்துல ஓடாத, ரெண்டு வாழைப்பழமாவது சாப்டுட்டு ஏறு பஸ்ஸு.

ஓடும்போது கண்ணு இருட்டிகிட்டு வந்தா, மயக்கம் வந்தா, மணிக்கு ஒரு பேடு நனைஞ்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அதே மாதிரி எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, வெயிட்டு கொறைக்கறேன்னு சரியா சாப்புடாம ஓவரா ஓடி மூணு மாசம் பீரியட்ஸே வரலைன்னா, அப்பாடா தொல்லை விட்டுதுன்னு இருந்துடாத, அதுவும் டாக்டர்கிட்ட வர வேண்டிய விஷயம்தான், எலும்பு வீணாப்போவும்.

ரிசல்ட் வந்ததும் ஹீமோகுளோபின் எவ்ளோன்னு எழுது. ஆஸ்பத்திரிக்கு போறப்ப ஆயாவையும் கூட்டிகிட்டு போ, அவங்களுக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பாக்கச் சொல்லு, அந்த வயசுல யாரும் பாக்கறதில்ல.