கடித்த நாளும் மாறிய நாளும்

அன்புள்ள அண்ணா,

இரத்தக்காட்டேரியைப் பேயாக இல்லாமல் தொற்றுநோயாக வைத்து, மட்டக்களப்பில் எங்கள் ஊரான களுவாஞ்சிக்குடியில் நடக்கிற ஒரு நாவல் எழுதுகிறேன். மாதம் ஒரு கடி, கடிபட்டவர் அன்றிரவே காட்டேரி. மூன்றாம் அத்தியாயத்தோடு கதை நகரவில்லை. எப்படிப் பரவினால் நம்பும்படி இருக்கும்?

அன்புள்ள தம்பி,

கணக்குத்தான் உங்களை மறித்திருக்கிறது. மாதாமாதம் இரட்டித்தால் பத்து மாதத்தில் 1,024 பேர், இருபது மாதத்தில் 10 லட்சத்துக்கு மேல். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்துச் சனத்தொகையே 5 லட்சத்துச் சொச்சம். கடிக்க ஆளே மிஞ்சாது.

விசர்நாய்க்கடியை, அதாவது ரேபிஸ் நோயைப் பாருங்கள். காட்டேரிக் கதைகளின் வேர் அதுவாக இருக்கலாம் என்று ஹுவான் கோமெஸ் அலொன்சோ என்ற ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் 1998இல் எழுதினார்: கடியால் தொற்றுவது, தூக்கம் கெடுவது, இரவில் அலைவது, வெளிச்சமும் வாசனையும் தாங்காதது. எனக்கு அதில் பயங்கரம் கடியே இல்லை, கடிக்குப் பிறகு வருகிற அமைதி. கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். அதுவரை ஆள் சுகமாக வயலுக்குப் போய்வருவார்.

எட்டு வயதில் என் கெண்டைக்காலில் நாய் கடித்தது. அம்மம்மா கிணற்றடியில் இருத்தி, நான் கத்தக் கத்தச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார் (15 நிமிடம் கழுவத்தான் மருத்துவமும் சொல்கிறது), பிறகு ஊசிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கிழமையில் காயம் ஆறிவிட்டது, ஆனால் விசர் ஏறினால் தண்ணீர் விழுங்கத் தொண்டை இழுக்கும் என்பதால், மூன்று மாதமாக ஒவ்வொரு முறையும் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, நான் விழுங்கி முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் நாவல் அந்தப் பார்வையில் இருக்கிறது, தம்பி.

சரி, பரவலுக்கு வருவோம். விசர் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. நாயிடம் வேறு மாதிரி: குறி தெரியச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும், அதனால்தான் கடித்த நாயைப் 10 நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் சில நாளை உங்கள் நோயில் மனிதருக்குக் கொடுத்து, சில கிழமையாக நீட்டுங்கள். கடிபட்ட எல்லாரும் மாறவும் வேண்டாம். தங்களுக்குத் தொற்றியதே தெரியாதவர்கள் பிள்ளைக்குச் சோறு மென்று ஊட்டட்டும், ஒரே செம்பில் வாய்வைத்துக் குடிக்கட்டும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊர்திரும்பட்டும். சடங்கு முடிகிற குளிர்த்தியன்று தெளிக்கிற தண்ணீர் முகத்தில் பட்டதும் கூட்டத்தில் ஒருத்தருக்குத் தொண்டை இழுக்கட்டும், அதைப் பக்கத்தில் நிற்கிற அவருடைய அம்மா மட்டும் காணட்டும்.