ஆன்லைன் சட்டப் பட்டம்: சில நாள் நேரில் போய் வந்தால் வக்கீலாக முடியுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பி.காம். தபாலில் முடித்தேன். அமெரிக்கச் சட்டப் பள்ளி ஒன்றில் பாடமெல்லாம் ஆன்லைன், செமஸ்டருக்குச் சில நாள் மட்டும் நேரில் வந்தால் போதுமாம். வேலையை விடாமல் அதைப் படித்து வேலூர் கோர்ட்டில் வாதாட முடியுமா? - குடியாத்தம் வாசகர்

பதில்: அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு இங்கே வக்கீலாகப் பதிய வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், மூன்றாண்டுப் படிப்பை முறையாக வகுப்புக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும், அப்புறம் கவுன்சில் நடத்தும் தனித் தேர்விலும் தேற வேண்டும். இடிப்பது நடு நிபந்தனைதான். உள்நாட்டிலும் தபால் வழி, ஆன்லைன் எல்.எல்.பி.க்கு இடமில்லை, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020 விதிகளே தடுக்கின்றன. 'எங்களிடம் உண்டு' என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

அதற்காக அந்த நேரடி நாட்களை வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். மின்னசோட்டாவில் உள்ள மிட்சல் ஹாம்லின் சட்டப் பள்ளி 2015இல் தொடங்கிய பாதி ஆன்லைன் படிப்பிலும் மாணவர்கள் வளாகத்துக்கு வந்தாக வேண்டும். கட்சிக்காரராக நடிப்பவரிடம் விவரம் கேட்பது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, சமரசம் பேசுவது எல்லாம் அப்போது நடக்கும். சாதகமான பதில் வந்ததும் இன்னொரு கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளாமல் உட்காரத் தெரிய வேண்டும். ஆசிரியர் எதிரில் நின்று தடுத்தால்தான் அது படியும். என்னைக் கேட்டால், அந்தப் படிப்பில் காசுக்குப் பெறுமானமானது அந்த நாட்கள்தான். உங்களுக்கு அங்கே விசா சிக்கலும் வரும்: சுற்றுலா விசாவில் போய்ப் பட்டத்துக்குக் கணக்காகும் வகுப்பில் சேர அமெரிக்கா அனுமதிப்பதில்லை.

அதே பயிற்சி இங்கேயும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாண்டு எல்.எல்.பி.யில் மாதிரி நீதிமன்றம் உண்டு. ஒரு சிவில், ஒரு கிரிமினல் வழக்கின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். மொத்தம் 12 வாரமாவது இன்டர்ன்ஷிப் போக வேண்டும். உங்களுக்குக் கிட்டத்தில் காட்பாடி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பி.காம். தபாலில் படித்ததும் தடையில்லை, பத்து, பன்னிரண்டு தேறியவர்தானே. பொதுப் பிரிவுக்குப் பட்டத்தில் 45 சதவீதம் வேண்டும், பிற பிரிவுகளுக்குச் சலுகை உண்டு.

வேலைதான் இடிக்கும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஷிப்ட் மாற்றி ஒப்பேற்றலாம் என்ற யோசனை இந்தக் கணக்கில் நிற்காது. சம்பளம் இல்லாத மூன்று வருடத்தை வீடு தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காது என்றால், கம்பெனியின் ஒப்பந்தம், தொழிலாளர் சட்ட வேலைகளுக்கு உதவும் தபால் வழி டிப்ளமோ படிக்கலாம்; அதை வைத்து வக்கீலாகப் பதிய மட்டும் முடியாது.

இதற்கிடையில் ஒருநாள் லீவு போட்டுச் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குப் போய் வாருங்கள். பெரும்பாலான விசாரணைகளை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை.